வன்னியில் விடுதி, சாப்பாட்டுக் கடை, படகுச் சவாரி நடத்துவோருக்கு: நீங்கள் செய்த புதுமை பலன் தந்ததா என்று அளப்பது எப்படி?

ஏ9 வீதியோரம் விடுதியோ கடையோ வைத்திருக்கும் ஒருவரிடம் "இந்த இரண்டு மூன்று வருடத்தில் புதிதாக என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். அறைக்கு ஏசி பூட்டினோம், கல்லாவில் கியூஆர் அட்டை ஒட்டினோம், முகநூலில் பக்கம் திறந்தோம், காலைச் சாப்பாட்டில் குரக்கன் புட்டுச் சேர்த்தோம். "அதனால் என்ன கிடைத்தது?" என்று அடுத்துக் கேட்டால், "முந்தியைவிட வியாபாரம் பரவாயில்லை" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

பரவாயில்லைதான். ஆனால் 2022இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 7 லட்சத்து 20 ஆயிரம் பேர். 2023இல் அது 14 லட்சத்து 87 ஆயிரம் ஆனது. 2024இல் 20 லட்சத்தைத் தாண்டியது. எரிபொருள் வரிசை ஓய்ந்ததும் தெற்கிலிருந்து யாழ்ப்பாணம் பார்க்க வரும் சனமும் திரும்ப வரத் தொடங்கியது. கையைக் கட்டிக்கொண்டு இருந்தவருக்கும் அந்த வருடங்களில் வியாபாரம் கூடியிருக்கும். அப்படியென்றால் ஏசி பூட்டியவருக்குக் கூடியது ஏசியாலா, நாடே எழும்பியதாலா? இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் அடுத்த லட்சத்தை எதில் போடுவது என்றும் தெரியாது.

பத்து அறைக்குள் உள்ள விடுதிகள், வீட்டோடு அறை கொடுப்பவர்கள், சாப்பாட்டுக் கடைகள், வான், முச்சக்கரவண்டி, படகு ஓட்டுபவர்கள், பனையோலைப் பொருள் விற்கும் சங்கங்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். தேவையானது ஒரு கொப்பி, ஒரு போன், கிழமைக்கு அரைமணி நேரம். கணினி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

முதல் படி: எதைப் புதுமைக் கணக்கில் சேர்ப்பது

நிறுவனங்களின் புதுமையை அளக்கப் பல நாட்டுப் புள்ளிவிவரத் துறைகள் பின்பற்றுவது ஒஸ்லோ கையேட்டை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு வெளியிடும் கையேடு அது. 1992இல் வந்த முதல் பதிப்பு தொழிற்சாலைகளை மனதில் வைத்தது. சேவைத் துறைகளை 1997இல் வந்த இரண்டாம் பதிப்புத்தான் உள்ளே எடுத்தது. அதன் நான்காம் பதிப்பு 2018இல் வந்தது. அதில் சொல்லப்படுவதைச் சுருக்கினால் இரண்டு நிபந்தனைகள் மிஞ்சும். புதிதாக வந்த பொருள், சேவை அல்லது செய்முறை, அதே நிறுவனம் முன்பு செய்ததிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு வேறுபட வேண்டும். அடுத்தது, அது நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும்.

முதல் நிபந்தனையைக் கவனியுங்கள். ஒப்பீடு உங்களுடைய நேற்றோடுதான், சீகிரியாவில் உள்ள பெரிய ஹோட்டலோடு இல்லை. முள்ளியவளையில் மூன்று அறை வைத்திருப்பவர் முதன்முதலாக இணையத்தில் முன்பதிவு எடுக்கத் தொடங்கினால், உலகம் இருபது வருடம் முன்பே அதைச் செய்துவிட்டது என்பதற்காக அது கணக்கிலிருந்து விழாது.

இரண்டாவது நிபந்தனையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். "படகுச் சவாரி உண்டு" என்று பலகை எழுதியாயிற்று, படகு இன்னும் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது என்றால் அது புதுமை இல்லை. ஆள் ஏறி ஒரு சுற்றுப் போய்வந்த நாளே அதன் தொடக்கத் திகதி. அந்தத் திகதியை எழுதி வையுங்கள், பின்னால் வரும் கணக்கு முழுவதும் அதில்தான் தொங்குகிறது.

சேராதவை சில. பழுதான மின்விசிறிக்குப் பதில் அதே மாதிரி இன்னொன்று வாங்கியது சேராது. சுவருக்கு நிறம் பூசியது, அதே மாதிரி அறை இன்னும் ஒன்று கட்டியது, விலையை மட்டும் ஏற்றி இறக்கியது, வருடா வருடம் மழைக்காலத்தில் செய்யும் வழமையான மாற்றங்கள் எதுவும் சேராது. ஏசி சேருமா? இதுவரை ஏசி அறையே இல்லாத இடத்தில் முதல் ஏசி அறை, விருந்தினருக்கு வேறொரு சேவை. சேர்க்கலாம். அடுத்த அறைக்குப் பூட்டும் இரண்டாவது ஏசி வெறும் விரிவாக்கம்.

வாடிக்கையாளர் கண்ணில் படாத மாற்றங்களையும் மறக்க வேண்டாம். கையேடு அவற்றைச் செய்முறைப் புதுமை என்று தனியாக எண்ணுகிறது. சந்தைக்குப் போகாமல் முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கும் இடத்திலேயே மீன் எடுக்க ஏற்பாடு செய்தது, முன்பதிவுகளை ஒரே வட்ஸ்அப் குழுவில் போட்டு இரட்டைப் பதிவை ஒழித்தது, சமையலறைக்கு ஓடர் போகும் வழியை மாற்றியது எல்லாம் இந்த வகை. என் கணிப்பில், சிறு விடுதிகளுக்குப் பணம் மிச்சம் பிடித்துக் கொடுப்பது இவைதான். படம் எடுத்து முகநூலில் போட முடியாததால் யாரும் பேசுவதில்லை.

ஆராய்ச்சிச் செலவு, காப்புரிமை என்ற இரண்டும் தொழிற்சாலைகளுக்கான பழைய அளவுகோல்கள். ஆறு அறை விடுதியில் இரண்டும் பூச்சியமாகத்தான் வரும், அவற்றை விட்டுவிடலாம். புதுமையின் தரத்தைக் குறிக்க வேறொரு கேள்வி போதும்: இது எங்களுக்கு மட்டும் புதிதா, எங்கள் சந்தைக்கே புதிதா? இங்கே சந்தை என்பதை நேர்மையாக வரையறுக்க வேண்டும். வீதியோரச் சாப்பாட்டுக் கடைக்கு வவுனியாவிலிருந்து பரந்தன் வரையான ஏ9தான் சந்தை. மன்னார் வங்காலையில் பறவை காட்டுபவருக்கோ இலங்கை முழுவதும் சந்தை. ஏனென்றால் பூநாரை பார்க்க வருபவர், பறவைகளுக்குப் பேர்போன பூந்தல, குமண தேசியப் பூங்காக்களை வங்காலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.

இரண்டாம் படி: ஒரு மாற்றத்துக்கு ஒரு பக்கம்

கொப்பியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். என்ன மாற்றம், யார் சொன்ன யோசனை, தொடங்கிய திகதி, போட்ட பணம், போட்ட மணித்தியாலங்கள், எந்த எண் எவ்வளவு அசையும் என்று எதிர்பார்க்கிறீர்கள், எந்தத் திகதியில் முடிவு எடுப்பீர்கள். அவ்வளவுதான்.

மணித்தியாலங்களை எழுதச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். வீட்டு ஆட்களின் உழைப்புக்குச் சம்பளம் கிடையாதே என்பார்கள். ஆனால் அக்கா விடிய நான்கு மணிக்கு எழும்பிப் பாலப்பம் சுட்டுத்தான் அந்தப் புதிய காலைச் சாப்பாடு வருகிறது என்றால், அதன் செலவு மாவும் தேங்காய்ப்பாலும் மட்டுமில்லை. பிறருக்கு அந்த வேலையைக் கொடுத்தால் என்ன கூலி கொடுப்பீர்களோ அதை எழுதுங்கள். இதை எழுதாததால் லாபம் போலத் தோன்றும் புதுமைகள் நிறைய.

யோசனை யாருடையது என்ற வரியும் வீண் இல்லை. வருட முடிவில் பக்கங்களைப் புரட்டினால் எல்லா யோசனையும் முதலாளியிடமிருந்து வந்ததா, மேசை துடைக்கும் தம்பியும் ஏதாவது சொன்னானா என்று தெரியும். விருந்தினர் எதைக் கேட்டு இல்லையென்று போனார் என்பது அவனுக்குத்தான் முதலில் தெரியும்.

மூன்றாம் படி: மாற்றத்துக்கு முன்னரே எண்ணத் தொடங்குங்கள்

மாற்றம் செய்த பிறகு எண்ணத் தொடங்கினால் ஒப்பிட எதுவும் இருக்காது. குறைந்தது இரண்டு மாதமாவது முன்கூட்டியே எண்ண வேண்டும். பழைய பில் புத்தகங்கள் இருந்தால் அவற்றிலிருந்தும் எடுக்கலாம்.

எதை எண்ணுவது? விடுதிக்கு மூன்று எண்கள். எத்தனை முன்பதிவு வந்தது, எத்தனை அறை-இரவு விற்றது, எவ்வளவு பணம் வந்தது. ஒரு அறை ஒரு இரவுக்கு விற்றால் ஒரு அறை-இரவு. ஐந்து அறை, முப்பது நாள் என்றால் மாதத்துக்கு 150 அறை-இரவுகள் உங்கள் கையில் இருக்கின்றன. சாப்பாட்டுக் கடைக்கு பில்களின் எண்ணிக்கை, ஒரு பில்லின் சராசரி, மிஞ்சிக் கொட்டிய சாப்பாடு. படகுக்கும் வானுக்கும் எத்தனை சவாரி, ஒரு சவாரியில் எத்தனை இருக்கை நிரம்பியது, எத்தனை ரத்தானது.

வன்னிக்கு இன்னொரு எண் முக்கியம், என்னைக் கேட்டால் அதுதான் தலையான எண்: வந்தவர் எவ்வளவு நேரம் நின்றார் என்பது. இங்கே ஆள் வராத குறை இல்லை. யாழ்ப்பாணத்துக்கும் நயினாதீவுக்கும் போகும் பஸ்ஸும் வானும் இரவு பகலாக எங்களைத் தாண்டித்தான் போகின்றன. முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். ஆகவே விடுதிக்காரர் சராசரி தங்கலைக் கணக்கிட வேண்டும்: அறை-இரவுகளை முன்பதிவுகளால் வகுத்தால் அது வரும். வீதியோரக் கடைக்காரர் வாகனம் நின்ற நிமிடங்களைக் குறிக்கலாம். எல்லா வாகனத்துக்கும் தேவையில்லை. ஒரு நாளைக்குப் பத்து வாகனம், வெவ்வேறு நேரங்களில் எடுத்தால் போதும்.

நான்காம் படி: வன்னியின் நாட்காட்டியோடு ஒப்பிடுங்கள்

சென்ற வருட மே மாதத்தையும் இந்த வருட மே மாதத்தையும் அப்படியே ஒப்பிடுவது முல்லைத்தீவில் பிழையான விடையைத் தரும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கல் சில வருடம் மேயில் வரும், சில வருடம் ஜூனில் வரும். அந்த ஒரு கிழமை மாதக் கணக்கையே புரட்டிவிடும். திருக்கேதீச்சரத்தின் சிவராத்திரியும் மாசியோடு பெப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் நகரும். மடு மாதா கோயிலின் ஓகஸ்ட் 15 திருவிழா மட்டும் அசையாது. நல்லூர்த் திருவிழா யாழ்ப்பாணத்தில் நடந்தாலும் அதற்குப் போகும் கூட்டம் உங்கள் வாசலால்தான் போகிறது, அதுவும் வருடத்துக்கு வருடம் திகதி மாறும். ஆகவே திருவிழாக் கிழமையைத் திருவிழாக் கிழமையோடும், சாதாரணக் கிழமையைச் சாதாரணக் கிழமையோடும் வைத்துப் பாருங்கள்.

கனடா, ஐரோப்பாவிலிருந்து உறவுகள் வரும் ஜூலை, ஓகஸ்ட் பள்ளி விடுமுறை தனி. மன்னாரில் வலசைப் பறவை இருக்கும் ஒக்டோபர் முதல் மார்ச் வரையான காலம் தனி. வடகீழ்ப் பருவமழை அதே காலத்தின் முதல் பாதியில் வந்து குழப்பும். இரணைமடுவின் வான்கதவு திறந்த கிழமையில் குளம் பார்க்கக் கூட்டம் அள்ளும், அதே கிழமையில் தாழ்நிலத்தில் உள்ள விடுதிக்கு ஒருவரும் வர முடியாது. இப்படியான கிழமைகளைக் கொப்பியில் வட்டம் போட்டு ஒப்பீட்டிலிருந்து நீக்கிவிடுங்கள்.

இன்னொன்று. புதுமையை மடுத் திருவிழாக் கிழமையில் தொடங்கிப் பரிசோதிக்க வேண்டாம். அறை எல்லாம் எப்படியும் நிரம்பும் நாளில், புதிதாக எதைச் செய்தாலும் நிரம்பியது நிரம்பியதுதான், வித்தியாசம் தெரியாது. ஆள் குறைந்த கிழமைதான் உண்மை சொல்லும்.

ஐந்தாம் படி: தானாகக் கூடியதைக் கழியுங்கள்

இந்த வழிகாட்டியில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் செய்தால் போதும் என்பேன். ஒரு கற்பனைக் கணக்கோடு பார்ப்போம்.

கிளிநொச்சிப் பக்கம் ஐந்து அறை விடுதி. முன்பக்கத்தில் அதே குடும்பத்தின் தேநீர்க் கடை. சென்ற வருட செப்டெம்பரில் 40 முன்பதிவு, 48 அறை-இரவு. சராசரித் தங்கல் 1.2 இரவு. பிறகு புதிதாக ஒன்று தொடங்குகிறார்கள்: விடிய சைக்கிளில் குளக்கட்டு, வயல், வாய்க்கால் என்று ஒரு உலா, திரும்பி வந்து ஊர்ச் சாப்பாடு. ஒருவருக்கு 1,000 ரூபா. இந்த வருட செப்டெம்பரில் 44 முன்பதிவு, 66 அறை-இரவு. சராசரித் தங்கல் 1.5. நல்லூர்த் திருவிழா இரண்டு வருடமும் ஓகஸ்டிலேயே முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

18 அறை-இரவு கூடியிருக்கிறது. முழுவதையும் சைக்கிள் உலாவுக்கு எழுதத்தான் மனம் சொல்லும். நில்லுங்கள். எந்த மாற்றமும் செய்யாத தேநீர்க் கடையின் பில்கள் அதே செப்டெம்பரில் 20 சதவீதம் கூடியிருக்கின்றன. அதாவது வீதியில் வந்த சனமே கூடியிருக்கிறது. உலா இல்லாமல் இருந்திருந்தாலும் விடுதி 48இலிருந்து ஏறத்தாழ 58 அறை-இரவுக்கு வந்திருக்கும். மிச்சம் 8 அறை-இரவுதான் உலாவின் பங்கு.

இப்போது பணம். அறை 5,000 ரூபா, அதில் சலவை, மின்சாரம் போன்ற செலவு 1,000 போக 4,000. எட்டு இரவுக்கு 32,000. உலாவுக்கு 40 பேர் வந்தார்கள், 40,000. செலவில் நான்கு சைக்கிள் 1,80,000 ரூபா, மூன்று வருடம் உழைக்கும் என்று பிரித்தால் மாதம் 5,000. கூட்டிப்போகும் தம்பிக்கு 20 உலாவுக்கு 600 வீதம் 12,000. சாப்பாட்டுக்கு ஆளுக்கு 300 வீதம் 12,000. மொத்தச் செலவு 29,000. எனவே உலா தனியாக 11,000 ரூபாதான் மிச்சம் வைக்கிறது. அறையையும் சேர்த்தால் 43,000. கழிக்காமல் 18 இரவையும் உலாவுக்கு எழுதியிருந்தால் 83,000 என்று வந்திருக்கும், உண்மையின் இரட்டிப்பு அளவு. அந்த 83,000ஐ நம்பி இன்னும் பத்து சைக்கிள் கடனுக்கு வாங்கியிருப்பார்கள்.

இதே எண்களுக்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. வீதியில் கூட்டம் 20 சதவீதம் கூடியபோது முன்பதிவு 10 சதவீதம்தான் கூடியது. 48 வந்திருக்க வேண்டிய இடத்தில் 44. அந்த நான்கு முன்பதிவால் ஏறத்தாழ 5 அறை-இரவு போய்விட்டது. ஆனால் வந்த 44 பேரும் சராசரி 0.3 இரவு கூட நின்றதால் 13 அறை-இரவு கிடைத்தது. பதின்மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால் அந்த எட்டு. ஆக உலா ஆளை இழுக்கவில்லை, வந்த ஆளை நிறுத்தி வைத்தது. அதை முகநூலில் விளம்பரம் போட்டு ஆள் பிடிக்கச் செலவழிப்பதைவிட, அறைச் சாவி கொடுக்கும்போதே "நாளை விடிய உலா இருக்கிறது" என்று சொல்வதுதான் புத்தி. முன்பதிவு ஏன் பின்தங்கியது என்பதைத் தனியாகத் தேட வேண்டும். பக்கத்தில் புதிய விடுதி வந்திருக்கலாம், கூகுள் மெப்பில் போன் எண் பிழையாக இருக்கலாம்.

உங்களிடம் தேநீர்க் கடை இல்லையா? மாற்றம் செய்யாத அயல் கடைக்காரர் ஒருவரோடு மாதம் ஒருமுறை கூடுதல் குறைவு சதவீதத்தை மட்டும் பரிமாறிக்கொள்ளுங்கள். வருமானத்தைச் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டு விருந்தினர் அதிகம் என்றால் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை மாதந்தோறும் வெளியிடும் வருகை எண்ணிக்கையைப் பாவிக்கலாம். அதில் உள்நாட்டுப் பயணிகளும் அடியார்களும் இல்லை என்பதை மறக்காதீர்கள். வன்னியில் வாசலுக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் அவர்கள்தான் என்றால், அயல் கடையின் பில்தான் நல்ல அளவு.

ஆறாம் படி: ரூபாவை நம்பாமல் தட்டை எண்ணுங்கள்

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். அந்த வருடத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், சில மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்தக் காலத்தை உள்ளடக்கிய எந்த ரூபாக் கணக்கும் மேலே ஏறித்தான் இருக்கும்.

எளிய வழி ஒன்று உண்டு. மாத வருமானத்தை அந்த மாதம் உங்கள் கடையில் ஒரு மரக்கறிச் சாப்பாட்டின் விலையால் வகுங்கள். விலை 250ஆக இருந்த காலத்தில் 2,50,000 வருமானம் என்றால் ஆயிரம் தட்டு. விலை 400ஆன பிறகு 3,60,000 என்றால் 900 தட்டு. ரூபாவில் ஏற்றம், தட்டில் இறக்கம். பொருளியல் படித்தவர்கள் முகம் சுளிக்கலாம், ஆனால் அரிசியும் எரிவாயுவும் தேங்காயும் அந்த விலைக்குள் இருப்பதால் எங்கள் வேலைக்கு இது போதுமானது.

ஏழாம் படி: விருந்தினரிடம் கேட்பது

"சாப்பாடு எப்படி?" என்று முதலாளி கேட்டால் எங்கள் சனம் "நல்லாயிருந்தது தம்பி" என்றுதான் சொல்லும். முகத்துக்கு நேரே குறை சொல்வது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மாமாவோ இன்னும் ஒரு படி மேலே போய்ப் பாராட்டிவிட்டு, அடுத்த நாள் வேறு கடைக்குப் போவார். அந்தப் பாராட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

சேவைத் தரத்தை அளக்க 1988இல் சந்தைப்படுத்தல் பேராசிரியர் பரசுராமனும் இரு சகாக்களும் வெளியிட்ட அளவுகோல் ஐந்து பக்கங்களைப் பார்க்கிறது: சொன்னதைச் சொன்னபடி செய்தார்களா, கேட்டவுடன் கவனித்தார்களா, ஆட்கள் மேல் நம்பிக்கை வந்ததா, தனித்த அக்கறை காட்டினார்களா, இடமும் பொருட்களும் எப்படி இருந்தன. அதன் முழுக் கேள்விகள் இருபத்திரண்டு, எங்களுக்கு அது பாரம். ஐந்துக்கும் ஒவ்வொரு கேள்வி, அதுவும் அபிப்பிராயத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேட்பதாக அமையுங்கள். "சொன்ன நேரத்துக்கு அறை தயாராக இருந்ததா?", "உதவி கேட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?" என்ற மாதிரி. கடைசியாக ஒன்று: "இன்னொரு இரவு நின்றிருந்தால் எதற்காக நின்றிருப்பீர்கள்?" இதற்கு வரும் பதில்கள்தான் அடுத்த புதுமைக்கான யோசனைகள்.

அட்டை தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கட்டும், பெயர் கேட்க வேண்டாம், பெட்டியில் போடச் சொல்லுங்கள். முப்பது அட்டையை வைத்துக்கொண்டு "திருப்தி 70இலிருந்து 80 சதவீதமாக ஏறியது" என்று மகிழவும் வேண்டாம். முப்பது பேரிடம் எடுத்த சதவீதம் பதினாறு, பதினெட்டுப் புள்ளி அங்குமிங்கும் தானாகவே ஆடும். நூறு பேர் என்றாலும் பத்துப் புள்ளி வரை ஆடும். சிறு எண்ணிக்கையில் சதவீதத்தைவிட எழுதிய வரிகளுக்கே மதிப்பு அதிகம். கூகுள் விமர்சனமும் அப்படித்தான், நட்சத்திரத்தை விட்டுவிட்டு வாசகத்தைப் படியுங்கள். புதிதாக நீங்கள் செய்ததை யாராவது தானாகவே குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒருவரும் குறிப்பிடவில்லையென்றால் அது அவர்கள் கண்ணில் படவேயில்லை.

எட்டாம் படி: உள்வேலையில் செய்த மாற்றங்கள்

இதற்குப் போனில் உள்ள நிறுத்தற்கடிகாரம் போதும். ஓடர் சொன்னதிலிருந்து தட்டு மேசைக்கு வரும்வரை எத்தனை நிமிடம் என்று மாற்றத்துக்கு முன் முப்பது ஓடர், பின் முப்பது ஓடர். சராசரியை மட்டும் பார்க்காமல் மிக நீண்ட ஐந்தையும் பாருங்கள். பஸ்ஸில் வந்தவர் எழும்பிப் போவது அந்த ஐந்தில்தான். வீண் போன மீன், இரட்டைப் பதிவு, மின்கட்டண அலகு எல்லாம் இதே முறை. வடக்கு மாகாண விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகங்களுக்குப் போனால் வாடிக்கையாளர் கண்ணெதிரே பெண்கள் சுடச்சுடச் செய்து கொடுப்பதைப் பார்க்கலாம். அங்கே புதுமை பதார்த்தத்தில் இல்லை, அவை எல்லாம் பாட்டி காலத்துத் தின்பண்டங்கள். யார் சமைக்கிறார், எங்கே நின்று சமைக்கிறார், வருமானம் யாருக்குப் போகிறது என்ற ஒழுங்கில்தான் இருக்கிறது.

ஒன்பதாம் படி: அயலவர் பார்த்துச் செய்தால்

சேவையை யாரும் பூட்டி வைக்க முடியாது. நீங்கள் சைக்கிள் உலா தொடங்கினால் அடுத்த விடுதியும் தொடங்கும். கொப்பியில் அந்த மாதத்தையும் குறியுங்கள். தொடங்கியதற்கும் அதற்கும் இடைப்பட்ட காலம் எவ்வளவு என்று தெரிந்தால், போட்ட பணத்தை எத்தனை மாதத்துக்குள் எடுக்க வேண்டும் என்று அடுத்த தடவை திட்டமிடலாம்.

பார்த்துச் செய்வது எப்போதும் நட்டமும் இல்லை. முறிகண்டியில் ஒரே ஒரு கச்சான் கடை இருந்திருந்தால் அவ்வளவு வாகனம் நிற்குமா? மன்னாரில் பறவை காட்டுபவர், படகுக்காரர், அறைக்காரர், சாப்பாட்டுக் கடை நால்வரும் சேர்ந்து வேலை செய்தால் தனித்தனிக் கொப்பியில் பலன் முழுதாகத் தெரியாது. ஆளுக்கொரு நிறத்தில் துண்டு அச்சடித்து, அனுப்பும் விருந்தினர் கையில் கொடுங்கள். மாத முடிவில் எந்த நிறம் எங்கே எத்தனை வந்தது என்று எண்ணினால், யார் யாருக்கு ஆள் அனுப்புகிறார் என்று தெரியும். ஆள் அனுப்பியதற்கான கழிவுப் பணம் (கொமிஷன்) பற்றிய சண்டையும் குறையும்.

எண்ணக் கூடாததும் ஒன்று உண்டு. மே 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலுக்கு வருபவர்களை வருகையாளர் நிரலில் போடாதீர்கள். அவர்களுக்குத் தேநீர் கொடுங்கள், அறை கொடுங்கள். எவ்வளவு நேரம் நின்றார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று அந்த நாளில் அளக்க வேண்டாம். எனக்கு இதில் இரண்டாவது கருத்து கிடையாது.

பத்தாம் படி: வருடத்துக்கு ஒரு தாள்

வருட முடிவில் ஒரே ஒரு கணக்கு. கடைசி மூன்று வருடத்துக்குள் தொடங்கிய புதிய சேவைகளிலிருந்து வந்த வருமானம், மொத்த வருமானத்தில் எத்தனை சதவீதம்? ஐரோப்பிய நாடுகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடத்தும் புதுமைக் கணக்கெடுப்பிலும் இதே வகைக் கேள்வி இருக்கிறது. மூன்று வருடம் தாண்டியதை நிரலிலிருந்து எடுத்துவிட வேண்டும். 2023 மார்ச்சில் தொடங்கியது 2026 மார்ச்சோடு உங்கள் வழமையான சேவை.

அதே தாளில் கைவிட்டவற்றையும், இன்னும் முடியாமல் இழுபடுகிறவற்றையும் எழுதுங்கள். ஒஸ்லோ கையேடும் அவற்றைத் தனியாகப் பதியச் சொல்கிறது. கைவிட்டது ஏன் என்று ஒரு வரி இருந்தால், மூன்று வருடம் கழித்து மகனோ மருமகளோ அதே யோசனையோடு வரும்போது எடுத்துக் காட்டலாம். முடிவெடுக்கும் திகதி வந்தும் எண் அசையவில்லை என்றால் இன்னொரு தவணை கொடுக்கலாம், ஒரே ஒரு தவணை. அதற்குள்ளும் அசையாததை நிறுத்துங்கள், மாமா வாங்கித் தந்த இயந்திரம் என்றாலும்.

தொடங்க நினைப்பவர்கள் ஜூலை, ஓகஸ்டை அடிக்கணக்காக, அதாவது மாற்றத்துக்கு முன் எண்ணும் கணக்காக, எடுக்க வேண்டாம், அது வெளிநாட்டு உறவுகளின் காலம். செப்டெம்பரில் கொப்பியைத் திறந்து மழைக்கு முன் இரண்டு மாதம் எண்ணுங்கள். மாற்றத்தைத் தைப்பொங்கல் கழிய நடைமுறைக்குக் கொண்டுவந்து, அடுத்த செப்டெம்பரில் முதல் ஒப்பீட்டைச் செய்யலாம். மன்னாரில் பறவைக்காக நடத்துபவர்கள் மட்டும் இதை மாற்றிக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு அடிக்கணக்கு ஜனவரி, பெப்ரவரி. அப்போது மழையும் ஓய்ந்திருக்கும், பூநாரையும் நிற்கும்.